அறுபதுக்கு மேல் ஒரு பழைய ஜப்பான் பைக்: கொட்டகையில் நிற்கும் அந்த சிபி350-ஐ எடுக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 62. இருபதுகளில் ஹோண்டாவின் இரட்டை சிலிண்டர் பைக் ஒன்றை ஓட்டியிருக்கிறீர்கள். குழந்தை பிறந்ததும் விற்றுவிட்டீர்கள். இப்போது பணி ஓய்வு. நண்பர் ஒருவருடைய கொட்டகையில் 1972-ஆம் ஆண்டு ஹோண்டா சிபி350 ஒன்று இருபது வருடமாக நிற்கிறது. கிக்கர் இறங்கவில்லை. "நீயே எடுத்துக்கொண்டு போ" என்கிறார். இந்த வயதில் இதைத் தொடலாமா, தொட்டால் எங்கே ஆரம்பிப்பது, இல்லை அந்தக் காலத்தில் ஏங்கிப் பார்த்த ஹோண்டாவின் பெரிய வண்டி சிபி750-க்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுங்கள். 750 இப்போதைக்கு வேண்டாம். எடுத்த கையோடு கடைசி நட்டு வரை பிரித்துப் போடவும் வேண்டாம். கீழே வருவதில் பாதி இந்தக் கடைசி வாக்கியத்தின் விளக்கம்தான்.

நான் 57 வயதில் முதலில் வாங்கியது சிபி750. உங்களைப் போலத்தான், வாலிபத்தில் கிடைக்காதது கைக்கு வந்துவிட்டது என்ற பூரிப்பு. மூன்று வாரத்தில் மொத்தத்தையும் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது வேலை ஓடுவது மாதிரியே இருக்கும், தினமும் ஏதோ சாதித்த திருப்தியோடு கை கழுவலாம். ஃபிரேம் பெயிண்டுக்குப் போய் ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. குரோம் பூசக் கொடுத்த இடத்தில் மட்கார்டு கம்பி ஒன்று தொலைந்தது. நடுவில் எனக்குக் கண் அறுவை சிகிச்சை, வீட்டில் ஒரு கல்யாணம். இரண்டு வருடம் கழித்துப் பெட்டிகளைத் திறந்தால், பதினான்கு அட்டைப்பெட்டி நிறைய போல்ட் இருக்கிறது, எது எங்கே போகும் என்று ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பெட்டியோடு விற்றேன். வாங்கியவருக்கு முப்பது சொச்சம் வயது. ஒன்பது மாதத்தில் அதை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினார். சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கும் என்பார்கள். நேரம் இருக்கிறது, உண்மைதான். தொடர்ச்சிதான் இல்லை. உடம்புக்கு ஒன்று வரும், பேரக் குழந்தை வரும், இரண்டு மாதம் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. திரும்பி வந்து நிற்கும்போது, விட்ட இடம் எது என்று வண்டியைப் பார்த்ததும் புரிய வேண்டும். அதனால் என் இரண்டாவது வண்டியில் முறையை மாற்றிக்கொண்டேன்: ஒரு நேரத்தில் ஒரு பாகம். கார்புரேட்டரைத் திறந்தால் அதைச் சுத்தம் செய்து, மாட்டி, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிரேக்கில் கை வைப்பது. வண்டி எப்போதும் இரண்டு சக்கரத்தில் நின்றுகொண்டே இருக்கும். பார்க்க அழகாக ஆவது கடைசியில்தான். கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டிகள் இப்படி உருவாவதில்லை, தெரியும். ஆனால் ஓடும்.

சரி, ஏன் ஜப்பான் பைக்? பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், புதுப்பிக்கிற ஆளுக்கு இவை நிஜமாகவே வசதியானவை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் என்ஜின் அடி உறை) நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளக்கும். அந்த இணைப்பு வழியே எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். ஹோண்டாவும் யமஹாவின் எக்ஸ்எஸ்650-யும் கிடைமட்டமாகப் பிளப்பவை, இணைப்பு பெரும்பாலும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வந்துவிடும். எலக்ட்ரிக் ஸ்டார்ட் உண்டு. இதையெல்லாம் விட முக்கியம், இவை கணக்கில்லாமல் தயாரானவை. 1969-இல் விற்பனைக்கு வந்த சிபி750, நான்கு சிலிண்டர், முன்பக்கம் டிஸ்க் பிரேக், எலக்ட்ரிக் ஸ்டார்ட் மூன்றையும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய வண்டியில் கொண்டுவந்து மொத்தத் தொழிலையும் புரட்டிப் போட்டது. ஆனால் ஊர் ஊராக ஓடியது சிபி350 மாதிரியான சின்ன இரட்டை சிலிண்டர்கள்தான். 1968 முதல் 1973 வரை அது கொத்துக் கொத்தாக விற்றது. அப்படி விற்றதால்தான் இன்றைக்கும் அதற்கு ஒரு கேஸ்கெட் (இணைப்புகளில் வைக்கும் கசிவுத் தடுப்பு அட்டை) கிடைக்கிறது.

ஹோண்டாவின் பாக எண் முறையை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள், பிற்பாடு நிறைய அலைச்சல் மிச்சம். எண் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். நடுவில் வரும் மூன்று இலக்கம், அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காக வரையப்பட்டது என்று சொல்லும். 300 என்றால் சிபி750, 323 என்றால் சிபி500, 377 என்றால் சிபி400எஃப். உங்கள் வண்டியின் பாகப் பட்டியலில் ஒரு சாமானுக்கு நடுவில் வேறு மாடலின் எண் இருந்தால், அந்த மாடலுக்கான கடைச் சரக்கும் உங்களுக்குப் பொருந்தும் என்று அர்த்தம். "சிபி350-க்கு இல்லை" என்று கைவிரிக்கும் கடைக்காரரிடமே, வேறு மாடலின் பெயரைச் சொல்லி அதே சாமானை நான் வாங்கியிருக்கிறேன்.

இப்போது 750 ஏன் வேண்டாம் என்று. எண்ணெய், பெட்ரோல் எதுவும் இல்லாமலே அது 218 கிலோ. உங்கள் சிபி350 சுமார் 150 கிலோ. ஓட்டும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கொட்டகைக்குள் ஒற்றை ஆளாகத் திருப்பும்போது, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போது, சாயப்போகிற வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுக்கும்போது தெரியும். அப்புறம், நான்கு கார்புரேட்டர், நான்கு சைலன்சர். ஆரம்பகால சிபி750-யின் அசல் சைலன்சர்கள் பலவற்றில் எச்எம்300 என்று முத்திரை குத்தியிருக்கும். துரு பிடிக்காத ஒரு முழு செட் தேடிப் போனால் மனுஷன் துறவியாகி விடுவான். முதல் ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் கிராங்க் கேஸ் மணல் வார்ப்பில் செய்தது. அவற்றைச் சேகரிப்பவர்கள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள், நாம் அங்கே போக வேண்டியதில்லை. கவாஸாகி இசட்1 (1972, 903 சிசி, 82 குதிரைத் திறன்) பற்றியும் கேட்டால் இதையேதான் சொல்வேன். அதற்கு ஒரு நல்ல விஷயம் உண்டு: கவாஸாகியே 2020-இல் இசட்1-க்கான சிலிண்டர் ஹெட்டைப் புதிதாக வார்த்து விற்றது. ஐம்பது வருடத்துப் பழைய வண்டிக்குத் தயாரித்த நிறுவனமே மறுபடி ஹெட் வார்ப்பதை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

டூ-ஸ்ட்ரோக் மோகம் உங்களுக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தால் ஒரு எச்சரிக்கை. யமஹா ஆர்டி350, கவாஸாகியின் மூன்று சிலிண்டர் எச்1, தண்ணீரால் குளிரும் சுஸுகி ஜிடி750 எல்லாம் பார்வைக்கு எளிமை. வால்வு இல்லை, கேம் இல்லை. ஆனால் அவற்றின் கிராங்க் இரு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து விறைத்துப் போயிருக்கும். ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங்கில் நிற்கும், நீங்களும் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். வேகமெடுக்கும்போது அந்த சீல் வழியே காற்று கள்ளத்தனமாக உள்ளே போகும், பெட்ரோல் கலவை மெலியும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சீல் மாற்ற என்ஜினை முழுசாகப் பிளக்க வேண்டும், கிராங்கை அழுத்திக் கோக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எண்ணெய் பம்ப் வேறு சும்மா கிடந்து காற்றடைத்திருக்கும். முதல் வண்டிக்கு இது வேண்டாத தலைவலி.

எடுப்பதற்கு முன் கொட்டகையில் என்ன பார்ப்பது? என்ஜின் ஓடுகிறதா என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் முழுமை. பக்கவாட்டு மூடிகள், டேங்க் சின்னங்கள், மீட்டர்கள், இரண்டு சைலன்சர், சீட்டின் அடித்தகடு, ஏர் ஃபில்டர் பெட்டி. இவை இருக்கின்றனவா? பிஸ்டனும் ரிங்கும் எப்படியும் கிடைக்கும். உடையாத பக்கவாட்டு மூடி கிடைக்காது. அடுத்தது எண்கள். அந்தக் காலத்து யமஹாக்களில் ஃபிரேம் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஹோண்டாவில் இரண்டும் வேறு வேறு, தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான். "எண் ஒத்துப்போகவில்லை, என்ஜின் மாற்றிய வண்டி" என்று யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். ஃபிரேமில் இருக்கிற எண் ஆவணத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நண்பர்தானே என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நட்பு ஆவணம் ஆகாது.

பெயிண்ட் எவ்வளவு மங்கியிருந்தாலும் அது அசலாக இருந்தால் கை வைக்க அவசரப்பட வேண்டாம். எழுபதுகளின் கேண்டி நிறங்கள் சாதாரண பெயிண்ட் இல்லை. அடியில் வெள்ளி அல்லது பொன் நிற உலோகப் பூச்சு, மேலே கண்ணாடி மாதிரி ஊடுருவும் வண்ணம், அதன் மேல் தெளிவான பூச்சு. நடுவில் எத்தனை கோட் அடிக்கிறோமோ அதற்குத் தகுந்தபடி நிறம் ஆழமாகும். டேங்கை ஒரு நாளும் பக்கவாட்டு மூடியை இன்னொரு நாளும் அடித்தால் இரண்டும் இரண்டு வண்டியின் சாமான் மாதிரி நிற்கும். அடிப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே நாளில் அடிக்க வேண்டும். பெயிண்டைப் பற்றி இவ்வளவு போதும்.

கருவிகளில் ஒன்றே ஒன்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஜப்பான் பைக்குகள் கெட்டதில் பெரும்பகுதி அதனால்தான். ஸ்டார் ஸ்குரூ டிரைவர். நம் எல்லோர் வீட்டிலும் இருப்பது அமெரிக்கப் பிலிப்ஸ் வகை. அதன் முனை சற்றுக் கூம்பி வட்டமாக இருக்கும், முறுக்கு அதிகமானால் பள்ளத்திலிருந்து எழும்பிவிடும். ஜப்பான் ஸ்குரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்தவை. பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் பள்ளத்தின் மூலைகள் வேறு. பல ஸ்குரூக்களின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். அதில் பிலிப்ஸை வைத்துத் திருகினால் பாதியில் வழுக்கி, பள்ளம் வட்டமாகி, அப்புறம் உளி, சுத்தியல், துளைப்பான் என்று போய்ச் சேரும். ஐம்பது வருடத்து என்ஜின் பக்க மூடிகளில் இருக்கும் மழுங்கிய ஸ்குரூ ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கோபத்தின் நினைவுச்சின்னம். ஜேஐஎஸ் முனையுள்ள டிரைவர் ஒரு செட், சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று, இரண்டையும் வாங்காமல் வண்டியைத் தொடாதீர்கள். அலுமினிய மூடியில் இரும்பு ஸ்குரூ வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் தட்டுங்கள். திரும்பப் போடும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். அலுமினியத்தில் மரை போய்விட்டால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுச் சரிசெய்யலாம்தான், ஆனால் அதைச் சின்னப் பசங்களுக்கு விட்டுவிடுவோம், நமக்கு ஸ்பேனரை நிதானமாக இறுக்குவது சுலபம்.

அடுத்து கார்புரேட்டர். சிபி350-இல் கெய்ஹின் நிறுவனத்தின் இரண்டு கார்புரேட்டர், வெற்றிடத்தால் இயங்குபவை. உள்ளே ஸ்லைடோடு சேர்ந்து மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். இந்த மாடலின் பலவீனம் அங்கேதான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்தப் பக்கத்து சிலிண்டர் சரியாக மூச்சு விடாது. கார்ப் கழுவும் அமிலத் திரவத்தில் முழு கார்பையும் அப்படியே மூழ்கவிட்டு அந்தச் சவ்வைக் கொன்றவர்களில் நானும் ஒருவன். ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உலோகத்தை மட்டும் கழுவ வேண்டும். இருபது வருடம் நின்ற பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டியிருக்கும், அதிகமாக அடைபடுவது ஐட்லிங்கைக் கவனிக்கும் சின்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு). அதன் துளை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கம்பி விட்டுக் குடையாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். ஊறவைத்து, காற்று ஊதி, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மலிவு ரிப்பேர் கிட்டில் வரும் ஜெட்டுகளை நம்ப வேண்டாம், மேலே எழுதிய அளவும் உள்ளே இருக்கும் துளையும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. பழைய பித்தளையையே சுத்தம் செய்து போடுங்கள். ரப்பர் வளையமும் கேஸ்கெட்டும் மட்டும் புதுசு. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊத வைக்கும். அதனால் டியூப்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

டேங்கை முதலில் கழுவ ஆரம்பிக்காதீர்கள். ஒரு சின்ன பாட்டிலைத் தொங்கவிட்டு அதிலிருந்து டியூப் இழுத்து என்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். டேங்கின் துரு தனி வேலை. சிட்ரிக் அமிலம் வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒன்றிரண்டு நாள் விட்டு, கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் புரட்டினாலே பெரும்பாலும் போதும். மின்சாரம் பாய்ச்சித் துரு எடுப்பவர்கள் திறந்த வெளியில் செய்ய வேண்டும், ஹைட்ரஜன் வெளியே வரும். அதில் எவர்சில்வர் தகட்டைப் போடவே கூடாது, குரோமியம் விஷமாகக் கரையும்.

மின்சாரம் என்றாலே பலருக்குக் கை நடுங்குகிறது, ஆனால் இந்த வண்டிகளில் அது புரிந்துகொள்ளக்கூடிய அளவில்தான் இருக்கிறது. முழு வயரிங் படமும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் பறவைக் கூடு மாதிரி வயர் இருக்கும். பயப்படாமல் ஒரு நாளைக்கு நான்கு இணைப்பு என்று பிரித்து, பச்சைக் களிம்பைத் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் திரும்பச் சொருகுங்கள். எர்த் கம்பி ஃபிரேமில் தொடும் இடத்தைப் பளபளவென்று தேயுங்கள். என் இரண்டாவது வண்டியில் "வயரிங் முழுசும் போச்சு, புதுசு போடணும்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். எர்த் தேய்த்ததும் எல்லா விளக்கும் எரிந்தது. பாயிண்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். டேப்பட் (வால்வுக்கு விடும் சின்ன இடைவெளி) குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.05, வெளிவால்வு 0.10. இந்த எண்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு புத்தகம் புரட்டுவது எரிச்சல். இன்னொன்று: சிபி350-இல் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிராங்க் வேகத்தில் சுழலும் ஒரு கிண்ணம்தான் அழுக்கைப் பிரித்து வைத்துக்கொள்ளும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கிண்ணத்தை யாருமே திறந்திருக்க மாட்டார்கள், உள்ளே தார் மாதிரி படிந்திருக்கும். ஆயில் வாங்கும்போது ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறி) என்று போட்டிருப்பதாகப் பாருங்கள், சில கார் ஆயில்களில் இருக்கும் வழுக்குச் சேர்மானம், ஆயிலில் நனைந்தே ஓடும் ஈர கிளட்சை நழுவ வைக்கும்.

உடம்பு. முதலில் ஒரு லிஃப்ட் மேஜை. எதை மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். தரையில் குந்தி வேலை செய்வது நாற்பது வயதோடு முடிந்துபோன கதை. தலையில் மாட்டும் விளக்கும் உருப்பெருக்கியும் இல்லாவிட்டால் சின்னக் கிளிப்புகள் என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் கழற்றியது எப்படி இருந்தது என்று சாயங்காலம் மறந்துபோகிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கழற்றும் முன் படம், கழற்றியதும் பொட்டலம், பொட்டலத்தின் மேல் பெயர்.

அந்தக் காலத்து பிரேக் ஷூவிலும் சில கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசி பறக்கவிடும் பழக்கம் நம் தலைமுறைக்கு உண்டு. இப்போது முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டிப் போடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தை ஒருபோதும் வெல்டிங் செய்யாதீர்கள், வெளிவரும் வாயு ஆளைக் கொல்லும். மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டாதீர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எலக்ட்ரிக் ஸ்டார்ட் இருக்கிற வண்டி இது. அதை வேலை செய்ய வையுங்கள். கிக் அடிப்பதில் பெருமை உண்டு, மூட்டுக்கு அது தெரியாது.

ஓடத் தொடங்கிய பிறகு ஓட்டுவது வேறு பாடம். சிபி350-இன் பெரும்பாலான மாடல்களில் முன்னால் டிரம் பிரேக்தான். 1973-இன் சிபி350ஜியில்தான் டிஸ்க் வந்தது. அந்த டிரம் நன்றாகச் சரிசெய்தால் கெட்டதில்லை, ஆனால் இரண்டு தடவை அழுத்திப் பிடித்ததும் சூடாகி மெலியும். நீங்கள் கடைசியாக பைக் ஓட்டியபோது சாலையில் இருந்த கார்களும் இப்போது இருக்கிற கார்களும் ஒரே தூரத்தில் நிற்பதில்லை. முன்னால் போகிறவர் ஏபிஎஸ் பிரேக்கில் சட்டென்று நின்றுவிடுவார், நமக்கு டிரம். இடைவெளி விட்டுப் போங்கள். டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் பக்கச் சுவரில் தேதி எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முன் செய்தது, அப்படியே தூக்கிப் போடுங்கள். முதல் மாதம் பகல் வெளிச்சத்தில், வீட்டைச் சுற்றியே. எங்காவது ஓட்டுநர் மறுபயிற்சி கிடைத்தால் ஒரு நாள் போய் வருவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் போனேன். நாற்பது வருட அனுபவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, கெட்ட பழக்கம் என்று அங்கே தெரிந்தது.

தனியாகச் செய்ய வேண்டாம் என்றும் சொல்வேன். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் விண்டேஜ் ஜப்பானிய மோட்டார்சைக்கிள் கிளப்புகள் இருக்கின்றன, இந்த மாடல்களை நூறு தடவை திறந்தவர்கள் அங்கே உண்டு. அவர்களிடம் கேள்வி கேட்டால் பதில் வரும், கூடவே அதிகப்படியாக அறிவுரையும் வரும். இரண்டாவதை வடிகட்டத் தெரிய வேண்டும். போல்ட்டின் தலையில் இருக்கும் குறி 1972-க்கா 1973-க்கா என்று இரண்டு பேர் மூன்று நாள் சண்டை போடுவார்கள். நீங்கள் அதற்குள் டேப்பட் சரிசெய்துவிடலாம்.

கடைசியாக அந்த இறங்காத கிக்கர். பயப்பட வேண்டாம், இந்த மாடலில் சகஜம். இதன் கிராங்க் 180 டிகிரி, ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே. வண்டி நின்றுபோன அன்றைக்கு ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தபடி நின்றிருக்கும். சைலன்சர் வழியாக ஈரம் உள்ளே போய் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் துருவால் ஒட்டியிருக்கும். அநேகமாக அவ்வளவுதான்.

கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் பல் உடையும். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றுங்கள். கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதும் உண்டு, நான் அதைத்தான் செய்தேன். அசிட்டோன் பெயிண்டைத் தின்னும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும், சிந்தாமல் பாருங்கள். ஒரு வாரம் சும்மா விடுங்கள். குறைந்திருந்தால் மறுபடி ஊற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். என் வண்டி பதினெட்டாவது நாள் காலையில் ஒரு அங்குலம் நகர்ந்தது. நகரவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். ஒரு மாதமாகியும் அசையவில்லை என்றால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

அசைந்த அன்றைக்கே ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். ஆயிலை மாற்றி, அந்தச் சுழல் கிண்ணத்தைத் துடைத்து, பிளக் இல்லாமலே கிக்கரை இருபது தடவை மெதுவாக இறக்கி, உள்ளே ஊற்றியது எல்லாம் வெளியே தெறித்துப் போகட்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கம்ப்ரஷன் மீட்டர் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்துகொண்டு, இடது சிலிண்டரில் எவ்வளவு, வலதில் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஹெட்டைத் தொடாமலே கார்புரேட்டருக்குப் போய்விடலாம்.